ஓப்பன் சைட்டா, பீப் சைட்டா: ஏர் ரைபிள் பழகத் தொடங்குகிறவர் எதை எடுக்கலாம்?

ஏர் ரைபிள் பழக ரேஞ்சுக்கு வரும் பிள்ளையின் பெற்றோர் முதல் மாதத்திலேயே ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளையை ஓப்பன் சைட் பிரிவில் சேர்ப்பதா, பீப் சைட் பிரிவில் சேர்ப்பதா? ரைபிளின் மேல் இருக்கும் திறந்த பிளவு வழியாகக் குறி பார்ப்பது ஓப்பன் சைட், சிறு துளை வழியாகக் குறி பார்ப்பது பீப் சைட். நம் நாட்டுப் பள்ளிப் போட்டிகளிலும் மாநிலப் போட்டிகளிலும் இவை இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். ஒலிம்பிக்கிலோ உலகக் கோப்பையிலோ அப்படி ஒரு பிரிவினை கிடையாது. அங்கே 10 மீட்டர் ஏர் ரைபிளில் வரிசையாக நிற்கும் எல்லோரும் பீப் சைட்டில்தான் சுடுகிறார்கள். 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, 2012-ல் லண்டனில் வெண்கலம் வென்ற, சென்னையில் பிறந்த ககன் நாரங், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் என்று நாம் பெருமையாகச் சொல்லும் பெயர்கள் எல்லாமே அந்தச் சிறு துளை வழியாகக் குறி பார்த்தவர்களின் பெயர்கள்.

இதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் ஓப்பன் சைட் வெறும் கால விரயம்தானே" என்று கேட்கிறவர்கள் உண்டு. "இரண்டு வருடம் ஓப்பன் சைட்டில் கை பழகாமல் பீப்பைத் தொடவே கூடாது" என்று பிடிவாதமாகச் சொல்லும் பயிற்சியாளர்களும் உண்டு. இரண்டு பேச்சும் பிள்ளைகளுக்கு நல்லது செய்வதில்லை. ரைபிள் போட்டிதான் குறிக்கோள் என்றால் பீப் சைட்டுக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன் சில மாதங்கள் ஓப்பன் சைட்டில் சுடுவது, பீப் சைட் கற்றுத் தராத ஒன்றைக் கற்றுத் தரும். அது என்ன என்று தெரிந்துகொண்டு பழகினால் அந்த மாதங்கள் வீணாகாது. தெரியாமல் பழகினால் இரண்டு வருடமும் வீண்தான்.

முதலில் கண்ணைப் பற்றிப் பேசிவிடலாம். மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். ஓப்பன் சைட் அதன் முன் மூன்று தூரங்களை வைக்கிறது. அரை மீட்டருக்குள் ரியர் சைட்டின் (கண்ணுக்கு அருகிலுள்ள பின் சைட்) பிளவு, ஒரு மீட்டருக்குச் சற்று உள்ளே ஃப்ரண்ட் சைட்டின் (பேரல் முனையிலுள்ள முன் சைட்) போஸ்ட் எனும் சிறு குச்சி, 10 மீட்டரில் குறி அட்டையின் கறுப்பு வட்டம். மூன்றும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிவது நடக்காத காரியம். புதிதாகச் சுடுகிறவர்கள் எல்லோரும் இயல்பாகவே கறுப்பு வட்டத்தைப் பார்ப்பார்கள். படவேண்டிய இடம் அதுதானே! ஆனால் கண் வட்டத்துக்குப் போன கணத்தில் போஸ்ட் மங்கிவிடும். போஸ்ட் பிளவுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தாலும் தெரியாது.

அதனால் முதல் பாடமே, பார்வை போஸ்ட்டின் மேல் விளிம்பில் நிற்க வேண்டும் என்பதுதான். வட்டம் சாம்பல் நிறப் பந்துபோல் மங்கலாகத் தெரியும், தெரியட்டும். போஸ்ட்டுக்கு இடது பக்கம் ஒரு கீற்று வெளிச்சம், வலது பக்கம் அதே அளவு கீற்று, போஸ்ட்டின் தலையும் பிளவின் தோள்களும் ஒரே மட்டத்தில். இந்த அமைப்பு கலையாமல் கறுப்பு வட்டத்தின் அடியில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில், மெல்லிய வெள்ளைக் கோடு விட்டு நிறுத்த வேண்டும். நடுவில் வைத்துச் சுடலாமே என்று கேட்பார்கள். கறுப்பு போஸ்ட்டைக் கறுப்பு வட்டத்துக்குள் வைத்தால் எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் புலப்படாது. அதற்காகத்தான் அடியில் வைத்துவிட்டு, பெல்லட் (ஏர் ரைபிளின் குண்டு) நடுவில் போய் விழும்படி ரியர் சைட்டை உயர்த்திக்கொள்கிறோம்.

மங்கலான வட்டத்தை நம்பிச் சுடுவதா என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். அந்தப் பயம் போக ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம். ரைபிள் முழுவதுமாக, சைட்டுகளின் அமைப்பு கலையாமல், 2 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் அட்டையிலும் பெல்லட் அதே 2 மி.மீ.தான் விலகும். கை ஆடுவதால் வரும் பிழை இது. பெரிய சேதமில்லை. ஆனால் போஸ்ட் பிளவுக்குள் நடுவை விட்டு வெறும் 0.2 மி.மீ. ஒதுங்கினால்? நம் ஊரில் கிடைக்கும் ஸ்பிரிங் ஏர் ரைபிள் ஒன்றில் இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 40 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அந்தப் பிழை 25 மடங்காகிறது. பெல்லட் 5 மி.மீ. விலகிப் போய் விழும். ஏர் ரைபிள் அட்டையில் பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ., அதன் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைக்கும். ஆக நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை பத்து. 5 மி.மீ. விலகினால் தசமக் கணக்கில் 9.0. கை ஆடிய 2 மி.மீ.-க்குப் பத்து கிடைக்கிறது, கண்ணுக்கே சரியாகத் தெரியாத 0.2 மி.மீ.-க்கு ஒன்பது. ஆட்டத்தை அடக்குவதற்கு முன் அமைப்பைக் காப்பாற்று என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இதே கணக்கைப் பீப் சைட்டுக்குப் போட்டுப் பாருங்கள். துளை கண்ணுக்கு மிக அருகில் வந்துவிடுவதால் இரண்டு சைட்டுகளுக்கும் இடைவெளி 75 செ.மீ. அளவுக்கு நீள்கிறது. அதே 0.2 மி.மீ. பிழை இப்போது சுமார் 13 மடங்குதான் ஆகும். அட்டையில் 2.7 மி.மீ., மதிப்பெண் 9.9. கண்ணும் கையும் மாறவில்லை, பிழையும் மாறவில்லை. ஒரு சுட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு மதிப்பெண் வித்தியாசம். போட்டியில் 60 சுட்டு. ஒவ்வொரு சுட்டிலும் பிழை வராதுதான், ஆனாலும் எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

நீளம் மட்டுமே காரணமில்லை. சிறு துளை வழியாகப் பார்க்கும்போது கண்ணுக்கு வரும் ஒளிக்கதிர்கள் குறுகிவிடுகின்றன. அதனால் ஃப்ரண்ட் சைட்டும் தூரத்து வட்டமும் ஏறக்குறைய ஒருசேரத் தெளிவாகத் தெரிகின்றன. கண் பார்க்க வேண்டிய மூன்று தூரங்களில் ஒன்று கழன்றுவிடுகிறது, ஏனென்றால் துளையை யாரும் பார்ப்பதில்லை, அதன் வழியாகப் பார்க்கிறார்கள். ஃப்ரண்ட் சைட்டிலும் போஸ்ட்டுக்குப் பதில் வளையம். துளைக்குள் ஃப்ரண்ட் சைட்டைச் சுற்றியுள்ள குழாயின் வட்டம், குழாய்க்குள் வளையம், வளையத்துக்குள் கறுப்பு. வட்டத்துக்குள் வட்டம் நடுவில் இருக்கிறதா என்பதைக் கண் யோசிக்காமலே கண்டுகொள்ளும். முதல் நாள் பீப் சைட்டில் சுடும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியும், இவ்வளவுதானா என்ற ஆச்சரியம்.

தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ஓப்பன் சைட்டில் தலை கொஞ்சம் நகர்ந்தால் ஒரு பக்கத்து வெளிச்சக் கீற்று அடைந்துபோய்த் தவற்றை முகத்துக்கு நேரே காட்டிவிடும். பீப் சைட்டில் கறுப்பு வட்டம் வளையத்துக்குள் அழகாக நிற்கும், குழாய் மட்டும் துளைக்குள் சற்றே ஒதுங்கியிருக்கும், சுடுகிறவருக்கு அது உறைக்காது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி சுடுவதைப் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன். முதல் பத்து சுட்டு திரையில் ஒரே கொத்தாக நடுவில். பதினைந்தாவதுக்கு மேல் கொத்து மெல்ல மெல்ல இடது மேல் மூலைக்கு ஏறியது. அவள் உடனே சைட்டைத் திருகி, வலப் பக்கம் இரண்டு கிளிக் (திருகின் ஒரு சிறு படி), கீழே மூன்று கிளிக் வைத்தாள். கொத்து நடுவுக்கு வந்தது. ரைபிளை ஸ்டாண்டில் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி சுட்டால், முதல் பெல்லட்டே வலது கீழ் மூலையில்!

சைட்டில் எந்தக் கோளாறும் இல்லை. வலக்கைக்காரிக்குக் கழுத்து தளர்ந்ததும் கன்னம் ரைபிளின் கட்டையிலிருந்து (தோளில் பதியும் பின்பகுதி) லேசாக விலகியது. கண் துளையின் நடுவை விட்டு இடப்பக்கமும் மேலேயும் போனது, சுட்டும் அதே பக்கம் போனது. ஓய்வெடுத்துவிட்டுக் கன்னத்தை ஒழுங்காக வைத்தபோது, தவறான கன்னத்துக்காகத் திருகிய கிளிக் அவளைத் திருப்பி அடித்தது. ஆறு மாதம் ஓப்பன் சைட்டில் பழகிய பிள்ளை என்றால் ட்ரிக்கரைத் தொடும் முன் அமைப்பைச் சரிபார்க்கும் பழக்கம் கண்ணில் ஊறியிருக்கும். துளைக்குள் குழாய் எங்கே நிற்கிறது என்று தானாகத் தேடும். ஓப்பன் சைட் தருவது இந்தப் பழக்கத்தைத்தான். இது வந்த பிறகும் அங்கேயே தங்கியிருப்பதில் எனக்குப் புரியும் லாபம் எதுவும் இல்லை.

பீப் சைட்டின் இன்னொரு ஆபத்து, படம் மிக அழகாக இருப்பது. இன்னும் கொஞ்சம் நடுவுக்கு வரட்டும், இன்னும் கொஞ்சம் என்று பிள்ளை காத்துக்கொண்டே நிற்கும். ரைபிள் நிலைகொண்டபின் எட்டுப் பத்து விநாடிக்குள் சுட்டு வெளியேறாவிட்டால் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் மூச்சும் தசையும் தளர்வது ஒரு பக்கம், உற்றுப் பார்த்த படம் விழித்திரையில் தங்கிவிடுவது மறு பக்கம். வட்டம் நகர்ந்த பிறகும் நடுவில் இருப்பதாகவே கண் சாதிக்கும்.

வளையத்தின் அளவிலும் இதே பேராசை வேலை செய்கிறது. வளையம் சிறியதாக இருந்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. அட்டையின் கறுப்பு 30.5 மி.மீ. கண்ணிலிருந்து 90 செ.மீ. தள்ளியிருக்கும் வளையத்தில் அது சுமார் 2.7 மி.மீ. அகலமாகத் தெரியும். 3.2 மி.மீ. வளையம் போட்டால் சுற்றிலும் கால் மி.மீ. வெள்ளைதான் மிஞ்சும். ரைபிள் ஆடும்போதெல்லாம் கறுப்பு வட்டம் வளையத்தை முட்டும், பயந்துபோன விரல் ட்ரிக்கரை இழுத்துவிடும். 4 மி.மீ. வளையத்தில் சுற்றிலும் 0.65 மி.மீ. வெள்ளை கிடைக்கிறது. கண்ணுக்கு நிம்மதி, விரலுக்கும் நிம்மதி. தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் பெரிய வளையத்தையே சொல்வேன்.

பின்பக்கத் துளையும் அப்படித்தான். ஐரிஸ் வைத்த சைட் என்றால் துளையைச் சுருக்கவும் விரிக்கவும் முடியும். சுருக்கினால் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும். ரொம்பச் சுருக்கினால் படம் இருண்டு, கண் திணற ஆரம்பிக்கும். 1 மி.மீ.-க்குச் சற்று மேலே வைத்துத் தொடங்கி, அரங்கின் வெளிச்சத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் ஓப்பன் சைட் பாவம், அதற்கு மாற்ற எதுவும் இல்லை. திறந்தவெளி ரேஞ்சில் காலை வெயில் ஒரு பக்கமாக அடித்தால் போஸ்ட்டின் ஒரு விளிம்பு பளிச்சென்று மின்னும். கண் அதையே போஸ்ட்டின் நடு என்று எடுத்துக்கொள்ளும். மேகம் மூடினால் ஆறு மணிக் கோட்டின் தடிமன் மாறிப்போய், சுட்டு மேலும் கீழுமாக அலையும். மின்விளக்கு ஒரே சீராக எரியும் அரங்கத்தில் இந்தக் கஷ்டம் குறைவு.

ராணுவத்தில் இந்த ஒப்பீடு நூறு வருடமாக நடக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்-இந்தியச் சிப்பாய்கள் தூக்கிய .303 லீ-என்ஃபீல்டில் பேரலின் மேல் திறந்த பிளவு. இரண்டாம் உலகப் போரில் வந்த நான்காம் எண் லீ-என்ஃபீல்டில் சைட்டைப் பின்னால் கண்ணருகே கொண்டுவந்து துளையாக மாற்றினார்கள். இந்திய ராணுவம் பிறகு எடுத்த 1ஏ1 எஸ்.எல்.ஆர். ரைபிளிலும் துளைதான். ஆனால் ஏகே குடும்பத்தில் பெரும்பாலானவை இன்றுவரை திறந்த பிளவை விடவில்லை, திருச்சி படைக்கலத் தொழிற்சாலையின் திருச்சி அசால்ட் ரைபிள் உட்பட. அந்தி நேரத்தில், ஓடுகிற ஆளைச் சட்டென்று பிடிக்க, சேறு அடைக்காமல் இருக்க, பிளவுக்கு வசதிகள் உண்டு. அசையாத காகித அட்டைக்கு முன்னால் அந்த வசதிகளுக்கு வேலை இல்லை. "ராணுவமே ஓப்பன் சைட் வைத்திருக்கிறதே" என்ற வாதத்தை ரேஞ்சில் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த முடிவை எடுக்க முடியாது. வெளிநாட்டு மேட்ச் ரைபிள், அதாவது ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ் போன்றவை, இங்கே இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். ஓப்பன் சைட் பிரிவில் சுட உள்நாட்டு ஸ்பிரிங் ரைபிளே போதும், விலை அதில் ஒரு சிறு பங்கு. 4.5 மி.மீ. உள்விட்டப் பேரலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமமும் தேவையில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு ஓப்பன் சைட் பிரிவு திறந்து வைக்கும் கதவு இது. அதை மட்டமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். ஸ்பிரிங் ரைபிளில் ட்ரிக்கரை அழுத்தியபின் பிஸ்டன் முன்னால் பாய்ந்து, பெல்லட் வெளியேறும்வரை ரைபிள் உதறும். அந்த உதறலோடு நல்ல கொத்து போடும் பிள்ளைக்கு, சுட்ட பிறகும் நிலை கலையாமல் நிற்பது கைவந்த கலையாகிவிடும். பிறகு காற்றழுத்த மேட்ச் ரைபிளை எடுத்தால் சுடுவது அவளுக்கு எளிது.

எடையும் ஒரு காரணம். 10 மீட்டர் போட்டியில் ரைபிளின் எடை 5.5 கிலோ வரை போகலாம். பதினொரு வயதுப் பிள்ளையின் முதுகில் அதைச் சுமத்தி, வளைந்து நிற்கப் பழக்கிவிட்டால் பின்னால் திருத்துவது பெரும் பாடு. அந்த வயதில் லேசான ஓப்பன் சைட் ரைபிளோ, சிறுவர்களுக்கான குட்டைக் கட்டை வைத்த ரைபிளோதான் சரி.

இடைவழி ஒன்றும் இருக்கிறது. ஸ்பிரிங் ரைபிளின் மேல் சைட் பொருத்துவதற்கான காடி வெட்டியிருந்தால், தனியாக ஒரு பீப் சைட் வாங்கி மாட்டலாம். பழகுவதற்கு நல்ல யோசனைதான். ஆனால் உதறலில் திருகு தளர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் சுடும் முன் முடுக்க வேண்டும். ஃப்ரண்ட் சைட்டில் வளையம் போட இடமில்லாமல் போஸ்ட்டே இருந்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும். போட்டிக்கு அதைக் கொண்டுபோகும் முன் எந்தப் பிரிவில் அனுமதி என்று அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. டெலஸ்கோப் பற்றியும் கேட்பார்கள். 10 மீட்டர் ஒலிம்பிக் பிரிவில் அதற்கு இடமில்லை, ஆகவே இங்கே அதைப் பேசப்போவதில்லை.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு என் பதில் வேறு. அந்த வயதில் கண்ணின் வில்லை இறுகி, அரை மீட்டரில் இருக்கும் பிளவு எவ்வளவு முயன்றாலும் கூர்மையாகாது. ஓப்பன் சைட்டில் மல்லுக்கட்டித் தலைவலி வாங்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. நேராகப் பீப் சைட்டுக்குப் போய்விடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண் மருத்துவரிடம் போகும்போது, ஃப்ரண்ட் சைட் கண்ணிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். தூரப்பார்வைக்கான பவருடன் +0.5 அல்லது +0.75 சேர்த்தால் ஃப்ரண்ட் சைட் தெளிவாகிவிடும் என்பது பலருடைய அனுபவம். படிக்கும் கண்ணாடியோடு சுட வராதீர்கள், வட்டமே காணாமல் போய்விடும்.

எந்த சைட் எடுத்தாலும் முதல் நாளே எந்தக் கண் ஆளும் கண் என்று பார்த்துவிடுங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு இடையே சிறு ஓட்டை வைத்து, தூரத்துக் கடிகாரத்தை இரண்டு கண்ணாலும் அதன் வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆண்டால், ஓப்பன் சைட்டில் போஸ்ட் இரண்டாகத் தெரிந்து குழப்பும். பீப் சைட்டில் இடக்கண் முன்னால் ஒரு வெள்ளைத் தகட்டை வைத்துவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் அடங்கும். ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடப் பழக்காதீர்கள். முகத் தசை இழுபட்டு, திறந்த கண்ணும் சோர்ந்துவிடும்.

பீப் சைட் என்று முடிவாகி, பழையதை வாங்குகிறீர்கள் என்றால் காசைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ரைபிளை மணல் பையில் தாங்கி வைத்து ஐந்து சுட்டு. வலப்பக்கம் பத்து கிளிக் திருகி ஐந்து, மேலே பத்து கிளிக் திருகி ஐந்து, இடப்பக்கம் பத்து, கீழே பத்து. சைட்டைத் திருகும்போது குறியை மாற்றக் கூடாது, எப்போதும் ஒரே வட்டத்தின் நடுவைத்தான் பார்க்க வேண்டும். கடைசி ஐந்து பெல்லட் முதல் ஐந்தின் கொத்திலேயே வந்து விழுந்தால் சைட் நல்ல சைட். கொத்தை விட்டுத் தள்ளி விழுந்தால் உள்ளே திருகு தேய்ந்திருக்கிறது, அதன் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.